உரையளவையும் மாணாக்கர் அறிவுக்கடனும்

உயிர் தானே அறியும் ஆற்றல் உடையதன்று. அறிவிக்க அறியும் இயல்பினது என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. கண்ணுக்கு ஒளியுண்டாயினும், ஞாயிற்றின் ஒளி உடன்நின்று காட்டினாலன்றி அக்கண் ஒன்றனையும் காணமாட்டாது. அதுபோல, உயிர்க்கு அறிவு உளதாயினும், இறைவன் உள்நின்று உணர்த்தவும், ஆசிரியரும் நூல்களும் புறத்தே துணைசெய்யவும் பெற்றே அஃது ஒன்றனை அறிகின்றது. இவ்வுண்மையை ஒப்புக்கொண்டார்க்கு ஒரு கடன் உடன்பிறக்கின்றது. தாம் அறிந்ததனை யாரால் அறிந்தனர் என்று சொல்லுதலே அக்கடன். அஃது ஆன்றோர்க்கு மட்டுமே உரியதோ, பள்ளியிற் பயிலும் சிறார்க்கும் உரியதோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

இதனை ஓர் இடத்தின்மேல் வைத்து ஆராய்தல் தெளிவு பயக்கும். சோலையார்பேட்டைக்கு அணித்தே, கடல்மட்டத்தினின்றும் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏலகிரி. அடிவாரத்தினின்று மேலேறும் பாதை 14 கொண்டையூசி வளைவுகளை உடையது; புலவர் பெயர்களும் வள்ளல்கள் பெயர்களும் அவ்வளைவுகளுக்கு இடப்பட்டுள்ளன. கபிலரையும் பாரியையும் கடந்தே ஒருவர் மலையுச்சியை அடைதல் வேண்டும். மலைக்கு வடபால், பாலாற்றை அடுத்து, தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்ற வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. இம்மலையிலோ அடிவாரத்து ஊர்களிலோ உள்ள உயர்நிலைப்பள்ளி மாணாக்கன் ஒருவனை, பாலாறும் தோல் தொழிலும் என்னும் பொருள்பற்றிச் செயல்திட்டக் கட்டுரையொன்று எழுதுமாறு ஆசிரியர் பணிப்பதாகக் கொள்க. அவன் எழுதும் செய்திகள் எவ்வளவையால் அறியப்படுவன என்று முதற்கண் நோக்குதல் வேண்டும்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்தின் முகப்பிலேயே அளவையியலை அமைத்தருளினார். பொருளை நிறுத்தற்குத் துலாக்கோலும், நிலத்தை அளத்தற்குக் கோலும் வேண்டப்படுமாறுபோல, மெய்யை மெய்யெனக் காண்டற்கும் அளவை வேண்டப்படும். பிறர் கூறும் அளவைகள் பத்தையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குதல் சித்தாந்த மரபு. மாணாக்கன் எழுதும் செய்திகளும் இம்மூன்றனுள் அடங்கும். மலைப்பாதையின் வளைவுகளை அவன் நடந்தே எண்ணிவிடலாம். பாலாற்று மணற்படுகை வறண்டு கிடத்தலைக் கண்ணாற் காணலாம். இவை காட்சி. ஆலைக் கழிவு தேங்கும் இடத்தை அடுத்த கிணற்றுநீர் உவர்ப்பதும், தொலைவிலுள்ள கிணற்றுநீர் உவராமையும் கண்டு, உவர்ப்புக்குக் காரணம் யாதாகலாம் என்று ஆராய்தல் கருதல். ஆனால், இம்மாவட்டங்களில் எத்துணை நிலம் பயிர்செய்தற்கு ஆகாதவாறு கெட்டது என்பதனை அவன் தன் கண்ணால் அளந்தறிய இயலாது. கருதலாலும் துணிய இயலாது. அளந்தறிந்தார் ஒருவர் சொல்லக் கேட்டே அறிதல் கூடும். இஃது உரையளவை. பள்ளி மாணாக்கன் எழுதுவனவற்றுள் மிகப்பல இவ்வகையினவே. எனவே, அவன் கட்டுரையின் உறுதியெல்லாம் உரைத்தவர் யாவர் என்பதனையே பற்றி நிற்கின்றது.

இனி, மூன்றனுள் அடக்கப்பட்ட அளவைகளுள் ஐதிகம் என்பதும் ஒன்று. இன்னார் கூறினார் என்பது விளங்காமல், தொன்றுதொட்டு வழங்கிவரும் சொல் ஐதிகம் எனப்படும். இவ்வாலமரத்திற் பேயுண்டு என ஊரார் சொல்லுவது அதற்குக் காட்டாகக் கூறப்படும். முதலிற் கண்டவர் யார், எப்பொழுது கண்டார் என வினவின், விடையில்லை. ஐதிகத்தைத் தனியோர் அளவையாகச் சித்தாந்திகள் கொள்ளாமை ஓர்ந்துணரத்தக்கது. அதன் பின்னே நம்பத்தக்கார் ஒருவர் உளராயின் அஃது உரையில் அடங்கும். இலராயின் அது வெறுஞ்சொல்லாய் ஒழியும். இக்காலத்து மாணாக்கன் தன் கைப்பேசியில் 'இத்தனை ஆயிரம் ஏக்கர் கெட்டது' என்றொரு வரியைக் கண்டு, கண்டவாறே படியெடுத்து எழுதுவானாயின், அவன் எழுதியது ஆலமரத்துப் பேயின் கதையினும் உறுதி மிக்கதன்று. எண்ணால் எழுதப்பட்டமையின் அது மெய்போலத் தோன்றும்; அவ்வளவே.

அற்றேல், நம்பத்தக்காரை அறியுமாறு யாங்ஙனமெனின், கூறுதும் என்று அளவை நூலார் ஆப்தர்க்கு இலக்கணம் வகுத்தனர். பொருளை உள்ளவாறு அறிந்தவராதல், அறிந்தவாறே உரைப்பவராதல், விருப்பு வெறுப்புக்களாற் சொல்லைத் திரியாதவராதல் என அதனைச் சுருக்கிக்கொள்ளலாம். பேரின்ப நெறிக்கு இறைவன் அருளிய ஆகமமே உரையளவை. உலகியற் செய்திகளுக்கு அவ்வத்துறையில் நேரே ஆராய்ந்தறிந்தோர் அவ்வளவிற்கு நம்பத்தக்காராவர். தோல் தொழிலின் கேடுபற்றி ஆலை நடத்துவோர் சொல்லை மட்டும் கொள்ளின் விருப்பு இடையே புகும். நிலமிழந்தார் சொல்லை மட்டும் கொள்ளின் வெறுப்பு இடையே புகும். இருவர் சொல்லையும் கேட்டு, அளந்தறிந்த மூன்றாமவர் சொல்லொடு ஒத்துப் பார்த்தலே முறை. அத்தொழில்தானும் இகழத்தக்கதன்று. திருக்கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் உதவிய திருநாளைப்போவாரைச் சேக்கிழார் பெருமான் அடியார் வரிசையில் வைத்துப் போற்றியருளினார். பல்லாயிரவர்க்குச் சோறிடுந் தொழிலைப்பற்றி எழுதுவோன் இரட்டிப்புக் கவனத்தோடு எழுதுதல் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. மாசு செய்தவரே அதனைத் தீர்க்கும் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்புக்களுள் அது தலையாயது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவாகவோ முற்றாகவோ பயிர்செய்தற்கு ஆகாததாயிற்று என்பது அதிற் காணப்படும் செய்தி. நீதிமன்றம் அதனைத் தன் கூற்றாக வாளா கூறிச்செல்லவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணக்கு என்று பெயர்சுட்டியே கூறிற்று. நாட்டின் உச்சநீதிமன்றமே தான் கேட்டறிந்ததனை யாரிடம் கேட்டது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்குமாயின், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனுக்கு அக்கடமை இல்லையெனல் எங்ஙனம் பொருந்தும்?

அத்தீர்ப்பினுள் மற்றோர் எண்ணும் உளது. 467 கிணறுகளுள் 350 கிணறுகள் கெட்டன என்பது அது. தீர்ப்பை நேரே படியாது, யாரோ பிரித்தெடுத்த வரியை மட்டும் காணும் மாணாக்கன், அவ்வெண் ஆம்பூர்க் கிணறுகளைக் குறிப்பதென்றே கருதுவான்; வழக்கின் பெயர் வேலூரைச் சுட்டுதலான் அம்மயக்கம் எளிதில் நிகழும். ஆனால், அது திண்டுக்கற் பகுதியைச் சார்ந்த 13 ஊர்களில் தன்னார்வத் தொண்டர் நிறுவனமொன்று எடுத்த கணக்கு என்பது தீர்ப்பிலேயே தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. எண் மெய், இடம் பொய். கயிற்றை அரவெனக் காணும் திரிபுக்காட்சிக்கு இது நிகராகும். மூலத்தைச் சென்று காண்பவன் இத்திரிபினின்று தப்புவான். காணாதவன் தானும் மயங்கித் தன்னைப் படிப்பாரையும் மயக்குவான்.

ஈண்டு ஒரு தடை நிகழும். 'உண்மை யார் கூறினும் உண்மையே. கூறினார் பெயரை மறைத்தலால் அதற்கு யாது குறை? பிறர் நூலினின்று ஒரு பத்தியை எடுத்துத் தன் கட்டுரையுட் சேர்த்த மாணாக்கன் பொய் ஒன்றும் சொல்லவில்லையே' என்பது அத்தடை. அற்றன்று. அயலார் நந்தவனத்து மலரை அவரைக் கேளாது கொய்து சிவபூசைக்கு வைப்பான் ஒருவன், மலர் மலரே, அதன் மணத்திற் குறைவில்லை. ஆயினும் அப்பூசை குற்றமுடைத்தென்பதை ஒருவரும் மறுக்கார். அதுபோல, எடுத்த வாக்கியம் மெய்யாயினும், 'இஃது என்னுடையது' எனக் காட்டும் அச்செயல் பொய்யாகும். வாக்கியம் உலகைப்பற்றி மெய்சொல்ல, எழுதினவன் தன்னைப்பற்றிப் பொய்சொல்லுகின்றான்.

பெயரை மறைத்தலால் வரும் கேடு அறத்தோடு மட்டும் நில்லாது, அறிவையும் தாக்கும். சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு 1887-ஆம் ஆண்டிற் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வரலாறு இதனைக் காட்டும். அவ்வுரையிற் பழம்பாடல்களின் அடிகள் பல, நூற்பெயர் சுட்டப்படாமல், பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவிலே எடுத்தாளப்பட்டிருந்தன. உரைகாரரைக் குறைகூறுதல் தகாது. அவர் காலத்துக் கற்றோர்க்கு அந்நூல்கள் நெஞ்சிலிருந்தன; அடியைக் கேட்டவளவில் நூலை உணர்ந்தனர். பின்னர் அந்நூல்கள் வழக்கொழிந்து ஏட்டறைகளில் உறங்கின. மேற்கோள்கள் தாயற்ற சேய்களாயின. திருவாவடுதுறை ஆதீனத்து ஏட்டுச் சுவடிகளுள் சங்கத் தொகைநூல்களைக் கண்டு பயின்ற பின்னரே, அவ்வடிகள் பலவற்றின் பிறப்பிடம் ஐயரவர்களுக்குப் புலனாயிற்று. ஒரு பெயர் குறிக்கப்படாமையால் பிற்காலத்தார் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. அவர் உழைப்பின் பயனை இன்று நுகர்வோர், பிறர்க்கு அத்தகைய உழைப்பை மீண்டும் வைத்துச்செல்லுதல் நன்றியாகாது.

மேலும், இம்முறை மேனாட்டார் புதிதாகக் கொணர்ந்தது என்று சிலர் எண்ணுவர். அதுவும் பிழையே. நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பகுத்தல் தமிழ் மரபு. ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில், அதனைச் செய்தவர் யார், அஃது எந்நூலின் வழிவந்தது, எந்நிலத்து வழங்குவது, யாது பெயர்த்து என்பன முதலாக எட்டுச் செய்திகள் சொல்லப்படுதல் வேண்டும் என்று நன்னூலார் விதித்தனர். சேக்கிழார் பெருமான் அடியார் வரலாற்றை விரித்துப் பாடப் புகுந்தபோது, சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பிகளின் திருவந்தாதியையும் தமக்கு மூலமாக வெளிப்படக் கூறினார். தொகை, வகை, விரி என அம்மூன்றும் இன்றளவும் ஒருங்கு வைத்து எண்ணப்படுகின்றன. முன்னோர் பெயரைச் சொன்னமையால் பெரியபுராணத்தின் பெருமை குன்றிற்றோ? இல்லை, வேர் காட்டப்பட்ட மரத்தைப்போல உறுதி பெற்றது. சித்தியார் பரபக்கத்தில் 14 சமயத்தார் கொள்கைகளை, மறுத்தற்கு முன்னர் அவரவர் கொள்கை இதுவென எடுத்தோதிய முறையும் இத்தகையதே. மாற்றார் சொல்லையும் அவர் சொல்லாகவே காட்டுதல் சைவர் கைக்கொண்ட நேர்மை.

முதல், வழி, சார்பு என்னும் இப்பகுப்பை மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுப்பின், அவர் மூலத்தைத் தேடும் வழி எளிதாகும். நீதிமன்றத் தீர்ப்பு, மக்கட்டொகைக் கணக்கு, கல்வெட்டு, ஆற்றுநீரை ஆய்ந்தவர் எழுதிய அறிக்கை என்பன முதலிடத்தன. அவற்றை ஆராய்ந்தெழுதிய நூல்கள் வழியிடத்தன. கலைக்களஞ்சியங்களும் பாடப்புத்தகங்களும் விக்கிப்பீடியாவும் சார்பிடத்தன. சார்பினின்று தொடங்குதல் குற்றமன்று. அதனோடு நின்றுவிடுதலே குற்றம். விக்கிப்பீடியாவின் பக்கம் கைகாட்டி மரம் போன்றது; ஊருக்கு வழிகாட்டும்; அதுவே ஊராகாது. பக்கத்தின் அடியிற் குறிக்கப்பட்ட மூலங்களைச் சென்று காண்பவனே ஊரை அடைந்தவனாவான்.

மூலத்தின் ஆண்டும் நோக்கத்தக்கது. ஏலகிரியின் பழைய செய்திகளைத் தேடுவோன் திருப்பத்தூர் மாவட்டம் என்னும் தலைப்பில் மட்டும் தேடின் ஏமாறுவான். அம்மாவட்டம் 2019-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அதற்கு முன் அம்மலை வேலூர் மாவட்டத்ததாகவும், அதற்கும் முன் வட ஆர்க்காட்டதாகவும் இருந்தது. 1911-க்கு முன்னரோ திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. எனவே பழம்பதிவுகளைச் சேலத்துக் குறிப்புக்களிற் காணல் வேண்டும். மலையின் உயரத்தை இரு நூல்கள் இருவேறு எண்களாற் கூறுமாயின், ஒன்று ஊர் அமைந்த சமநிலத்தையும் மற்றொன்று சுவாமிமலைச் சிகரத்தையும் அளந்ததாகலாம். எந்நூல், எவ்வாண்டு, எப்பக்கம் என்னும் மூன்றும் குறிக்கப்பட்டிருப்பின் முரண் தீரும். இன்றேல் ஐயமே எஞ்சும்.

இக்காலத்துப் புதிதாகத் தோன்றிய இடர் ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. வினவியதற்கெல்லாம் விடைகூறும் செயற்கை அறிவுப் பொறிகள் மாணாக்கர் கைக்கு வந்துவிட்டன. அவை சிலபோது இல்லாத நூல்களையும் இல்லாத ஆசிரியர்களையும் உள்ளனபோலப் பெயர்சொல்லிக் காட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி என்னும் பொறி புனைந்துகொடுத்த இல்லாத வழக்குத் தீர்ப்புக்களை மெய்யெனக் கொண்டு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர். அதன்பொருட்டு அவர்க்கும் அவர் சார்ந்த நிறுவனத்துக்குமாக 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றறிந்த வழக்கறிஞர்க்கே இது நேர்ந்ததாயின், சிறார்க்கு நேராதென்பது எங்ஙனம்? ஆப்தர் இலக்கணத்தைப் பொறியின்மேல் வைத்து நோக்குக. அது பாலாற்றைக் கண்டதன்று, கிணற்றுநீரைச் சுவைத்ததன்று, மெய்யே உரைப்பேன் என்னும் உறுதிப்பாடும் அதற்கில்லை. கண்டவரின்றி வழங்கும் சொல்லாதலின் அஃது ஐதிகத்தின் புதுவடிவமே. தேடுதற்குத் துணையாக அதனைக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது. அது கூறிய நூலைக் கையிலெடுத்து, அப்பக்கத்தைக் கண்ணாற் கண்டபின்னரே மேற்கோளாக எழுதுதல் வேண்டும்.

இன்னும் ஒரு தடை எஞ்சும். 'மலைமேல் உள்ள பள்ளியில் பெருநூலகம் ஏது? சிறாரிடம் இத்துணை ஆராய்ச்சியை எதிர்பார்த்தல் சுமையன்றோ' என்பது. சுமையாகாதவாறு படிமுறை வகுத்துக்கொள்ளலாம். சரியையில் நிற்பாரிடம் ஞானத்தின் ஒழுக்கம் முழுதையும் ஒருவரும் கேட்பதில்லை. முதற்கட்டுரையில் ஒரேயொரு செய்திக்கு மூலம் கூறப் பழகுக. அடுத்ததில் மூன்றற்குக் கூறுக. அதன்பின் இரு மூலங்களை ஒப்பிடுக. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998-இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும் பழந்தமிழ் நூல்களைக் கைப்பேசியிலேயே விலையின்றிப் படிக்கத் தருகின்றன. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்களும் மக்கட்டொகைக் கணக்குக்களும் அவ்வாறே கிடைக்கின்றன. ஊரில் ஆலையில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் நேரே கேட்டெழுதுதலும் நல்ல மூலமே. அவர் இசைவைப் பெற்று, கேட்ட நாளையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நூலாயின், ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பித்த ஆண்டு, பக்கம். இணையப் பக்கமாயின், வெளியிட்டவர், தலைப்பு, முகவரி, பார்த்த நாள். இவ்வளவே மாணாக்கன் எழுதவேண்டுவன. ஆசிரியரும் தாம் கரும்பலகையில் எழுதும் குறிப்பின்கீழ் அஃது எந்நூலினின்று வந்தது என ஒரு வரி எழுதுவாராயின், அவ்வொரு வரி நூறு அறிவுரைக்கு நிகராகும். தாம் செய்யாததனைச் செய்க என்பாரைச் சிறார் எளிதிற் கண்டுகொள்வர்.

இனி இக்கடனின் உயிர்நிலை யாதெனின், அஃது ஆணவத்தோடு செய்யும் போர் என்க. யான் எனது என்னும் செருக்கு உயிரைத் தொன்றுதொட்டுப் பற்றிய மலத்தின் விளைவு. பிறர் உழைத்துக் கண்டதனை 'யான் கண்டேன்' என எழுதும்போது அச்செருக்கு மாணாக்கனிடம் ஓர் அடி வளர்கின்றது. 'இவர் கண்டார், யான் கேட்டேன்' என எழுதும்போது ஓர் அடி தேய்கின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினதாதலின், பொய்ம்மூலத்தைச் சார்ந்து பழகும் அறிவு பொய்யின் வண்ணத்தையே பெறும். பள்ளியில் மதிப்பெண் குறைதலோ கூடுதலோ அதன்முன் சிறிது.

அம்மாணாக்கன் எழுதுவது அயல்நாட்டுச் செய்தியன்று. தன் ஊரார் பருகும் நீரைப்பற்றியது. அவன் ஓர் எண்ணைப் பிழைபட எழுதி, பின்னர் அப்பிழை வெளிப்படுமாயின், அவ்வெண்ணொடு சேர்ந்து அவ்வூராரின் மெய்யான துயரமும் நம்பப்படாது போகும். கேட்டை மறைக்க விரும்புவார்க்கு அதனினும் பெரிய துணை வேறில்லை. மூலத்தைச் சுட்டி அளவாக எழுதிய ஒரு வரியோ, எவர் வந்து வினவினும் தன் காலில் நிற்கும். ஆதலின், மேற்கோளின் மூலத்தைத் தேடிக் காணுதலும் கண்டவாறு குறித்தலும் கற்றோர்க்கு மட்டுமன்றிக் கற்கத் தொடங்குவார்க்கும் உரிய அறமேயாம் என்பது துணிபு. கடன் என்னும் சொல் செய்யத்தக்கதனையும் திருப்பித் தரத்தக்கதனையும் ஒருங்கே குறித்தல் நோக்குக. அறிவித்தாரை அறிந்து சொல்லும் சிறுவன் அவ்விரண்டனையும் ஒருங்கே செலுத்துகின்றான். அறிவித்தார்க்கெல்லாம் அறிவாய் உள்நிற்கும் இறைவனை உணர்தற்கும் அப்பழக்கமே முதற்படியாகும்.

திருச்சிற்றம்பலம்